தண்டவாளம் கூடவே வந்தால் அது நம்ம ரோடு இல்லை

போன ஆடி மாசம் திருச்சுழிக்கு மேலே 2000 அடி உயரத்தில் பறந்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். கீழே குனிந்து பார்த்துவிட்டு, "அருப்புக்கோட்டை வந்துருச்சு, கணக்கு சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு அப்படியே தென்கிழக்கே போய்விட்டேன்.

நிஜ விமானம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானி கிடையாது. செயற்கைக்கோள் படங்களைத் தரையில் விரித்துக் காட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர்தான். ஆனால் வழி தொலைந்தது நிஜமாகவே தொலைந்தது. சொந்த ஊரையே அடையாளம் தெரியாமல் ஒருத்தன் எப்படிக் கடந்து போக முடியும் என்று ரெண்டு மூணு வாரம் மண்டையைக் குடைந்தது. அதற்காகப் படித்ததும், திரும்பப் பறந்து பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு.

சின்ன விமானங்களில் வழி கண்டுபிடிக்க ஆதியிலிருந்து இருப்பது ரெண்டு முறை. ஒன்று, கீழே தெரியும் ரோடு, ரயில் பாதை, ஆறு, ஊர் இவற்றைப் பார்த்துப் போவது. இதற்குப் பைலட்டேஜ் என்று பெயர். இன்னொன்று, இந்தத் திசையில் இந்த வேகத்தில் இத்தனை நிமிஷம் போனால் இந்த இடத்தில் இருப்பேன் என்று கணக்குப் போட்டுப் போவது. அது டெட் ரெக்கனிங். நடைமுறையில் ரெண்டையும் சேர்த்தேதான் செய்வார்கள். கணக்கு இங்கே இருக்கிறாய் என்று சொல்லும், கண் அதை உண்மையா என்று பார்க்கும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விதிகளுக்கு ஐஎஃப்ஆர் என்று சுருக்கம். அதையே 'ஐ ஃபாலோ ரோட்ஸ்' என்று விரித்துச் சொல்வது விமானிகளிடையே பழைய கிண்டல். பழைய பிரிட்டிஷ் விமானிகள் தண்டவாளத்தைப் பிடித்துப் போவதை 'பிராட்ஷா' என்பார்கள். பிராட்ஷா என்பது அந்தக் கால ரயில் டைம்டேபிள் புத்தகம். தாழப் பறந்து ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் படித்த கதைகளும் உண்டு.

இனி நம்ம பாதைக்கு வருவோம். மதுரை விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையம் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது. நேர்கோட்டில் ஏறக்குறைய 123 கிலோமீட்டர், அதாவது 67 கடல் மைல். செஸ்னா 172 மாதிரி நாலு பேர் உட்காரும் விமானம் 100 நாட் வேகத்தில் போனால் 40 நிமிஷப் பயணம். வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு அருப்புக்கோட்டை மேலேயே விழுகிறது. மதுரை – தூத்துக்குடி நாற்கரச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 38, அதே கோட்டை ஒட்டித்தான் ஓடுகிறது. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், தூத்துக்குடி. ரோட்டைப் பிடித்தால் போதும், இதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கஷ்டம் என்னவென்றால் மதுரையிலிருந்து தெற்கே ரெண்டு நாற்கரச் சாலை போகிறது. 38-க்கு மேற்கே, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று கன்னியாகுமரிக்குப் போகும் 44. அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவே காக்கைப் பறப்பில் 15 கிலோமீட்டர்தான். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், மேற்கே பார்த்து ஏறிக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் முதலில் கண்ணில் படும் பெரிய ரோடு 44-தான். மேலேயிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்று மாதிரியே இருக்கும். ரெண்டிலும் டோல்கேட், ரெண்டிலும் நடுவில் அரளிச் செடி, ரெண்டுக்கும் இரண்டு பக்கமும் கரிசல் காடு.

பிரித்துச் சொல்ல ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. 44-ஐ ஒட்டி மதுரை – திருநெல்வேலி ரயில் பாதை கூடவே வரும். 38-க்கு அப்படி வடக்கே துணை கிடையாது. (மதுரை – தூத்துக்குடி புதுப் பாதையில் தெற்கு முனையில் மீளவிட்டான் – மேலமருதூர் துண்டு போட்டிருக்கிறார்கள், அது நம்ம கணக்கைக் கெடுக்காது.) ஆக, தண்டவாளம் பக்கத்திலேயே ஓடி வந்தால் நாம் தப்பான ரோட்டில் இருக்கிறோம். அருப்புக்கோட்டையில் மட்டும் விருதுநகர் – மானாமதுரை பாதை ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்கே போகும். கூட ஓடுகிற தண்டவாளம் என்றால் தப்பு, குறுக்கே வெட்டுகிற தண்டவாளம் என்றால் அருப்புக்கோட்டை. இதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தேன். அந்தக் காகிதம்தான் என்னைக் கவிழ்த்தது.

சிமுலேட்டரில் ஆடிக்கு ஏற்ற மாதிரி மேல்காற்று வைத்திருந்தேன், 30 நாட். அம்மியே பறக்கிற காற்றில் ஒரு டன் எடையுள்ள செஸ்னா எம்மாத்திரம்? நேர் தெற்கே மூக்கை வைத்துக்கொண்டு, கீழே பார்க்காமல், மேகத்தையும் கருவிகளையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைக்கு 20 கடல் மைல், 12 நிமிஷம். 30 நாட் காற்று 12 நிமிஷத்தில் விமானத்தை 6 கடல் மைல் கிழக்கே தள்ளிவிடும். 11 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 11 கிலோமீட்டரில் இருப்பது திருச்சுழி.

12-வது நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்தேன், கீழே பார்த்தேன். ஒரு ஊர். ஊரை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஒற்றைத் தண்டவாளம். காகிதத்தில் எழுதியது அப்படியே இருக்கிறது! விருதுநகர் – மானாமதுரை பாதை திருச்சுழி வழியாகத்தானே நரிக்குடிக்குப் போகிறது என்பது அந்த நேரத்தில் தோன்றவேயில்லை. ஸ்கூல் படிக்கும்போது அந்த மீட்டர்கேஜ் ரயிலில் எத்தனை தடவை போயிருக்கிறேன்.

நாற்கரச் சாலை எங்கே? காணோம். "ஊருக்குள்ள மறைஞ்சிருக்கும்" என்று ஒரு சமாதானம். ஊரை ஒட்டி மணலாக ஒரு ஆறு போகிறதே? அது குண்டாறு. அருப்புக்கோட்டைக்கு வடக்கேயே ரோட்டைக் கடந்து வந்து திருச்சுழிக் கரையை உரசிக்கொண்டு போகும் ஆறு. அதையும் 'ஏதோ ஓடை' என்று தள்ளிவிட்டேன். தெற்கே போக வேண்டிய ரோடு தென்கிழக்கே போகிறதே? "கொஞ்சம் வளையும் போல." அது கமுதி ரோடு. இருபது கிலோமீட்டர் தாண்டியும் பந்தல்குடி வரவில்லை. தூரத்தில் கருநீலமாகப் பிரம்மாண்டமான ஏரி ஒன்று தெரிந்தது. இந்தச் சீமையில் ஆடி மாசத்தில் இவ்வளவு தண்ணியா என்று அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது. கிட்டே போனால் அது ஏரி இல்லை, கமுதி சூரிய மின் நிலையம். 2016-இல் வந்தது, 648 மெகாவாட், 2500 ஏக்கரில் 25 லட்சம் தகடு.

விமானப் பயிற்சிப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை உண்டு: கடிகாரம், வரைபடம், தரை. முதலில் நேரம் பார். இந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் பார். அங்கே என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, பிறகு தரையில் அதைத் தேடு. தரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு அதை வரைபடத்தில் தேடினால் மனசு எதையாவது பொருத்திவிடும். நான் வரிசையைச் சரியாகத்தான் செய்தேன். ஆனால் ஒரே ஒரு அடையாளம் பொருந்தியதும் தேடுவதை நிறுத்திவிட்டேன். குறைந்தது மூணு பொருந்த வேண்டும் என்பார்கள். அதைவிட முக்கியம் என்று எனக்குப் படுவது, இருக்க வேண்டியது இல்லாமல் இருப்பதைக் கவனிப்பது. நாற்கரச் சாலை இல்லாத அருப்புக்கோட்டை உலகத்தில் கிடையாது.

என்னைப் போன்ற அரைகுறைகள் மட்டும் செய்யும் தப்பு இல்லை இது. 1960 அக்டோபரில் பான் ஆம் நிறுவனத்தின் போயிங் 707 லண்டன் ஹீத்ரோவில் இறங்குவதாக நினைத்துப் பக்கத்தில் இருந்த நார்த்தோல்ட் ராணுவ விமானதளத்தில் இறங்கிவிட்டது. ரெண்டு ஓடுபாதைக்கும் வரும் வழியில் ஒரே மாதிரி பெரிய எரிவாயுத் தொட்டி. அதுதான் அடையாளம், அதுதான் வினை. பிற்பாடு சவுத்தாலில் இருந்த தொட்டியில் ஹீத்ரோவுக்கு 'எல்ஹெச்' என்றும், சவுத் ஹாரோ தொட்டியில் நார்த்தோல்ட்டுக்கு 'என்ஓ' என்றும் பெரிய எழுத்தில் வரைந்து வைத்தார்கள். நம்ம பம்பாயில் 1972 செப்டம்பர் 24 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 சாண்டாக்ரூஸ் என்று நினைத்து ஜூஹூவின் குட்டி ஓடுபாதையில் இறங்கி, நீளம் போதாமல் தாண்டிப் போய் நின்றது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள்தான். ஓடுபாதை ஒன்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அதுவே போதுமென்று ஆகிவிட்டது.

இதையெல்லாம் என் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அண்ணன். முப்பது வருஷம் இதே ரோட்டில் தூத்துக்குடிக்கு லாரி ஓட்டியவர், உப்பு ஏற்றி வருவார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வளைவு எந்த ஊர் என்று சொல்வார். சிமுலேட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, ஒண்ணுமே தெரியல. டீக்கடையக் காணோம், ஆலமரத்தக் காணோம், போர்டக் காணோம்" என்றார்.

அவர் சொன்னது சரி. கீழே நின்று பார்க்கும்போது அடையாளமாக இருப்பது எல்லாம் உயரமான பொருள். மேலே போனால் உயரம் தட்டையாகிவிடும். கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவனுக்கும் மாட்டு வண்டியில் போகிறவனுக்கும் அது பல மைல் தூரத்துக்கு வழிகாட்டி. நேர் மேலேயிருந்து அது ஒரு சின்னச் செவ்வகம். கோயிலைக் காட்டிக் கொடுப்பது மதில் போடும் சதுரமும் பக்கத்துத் தெப்பக்குளமும்தான். மேலே போனவனுக்கு வேண்டியது நீளமும் வடிவமும் நிறமும்.

மாமா விடவில்லை. "மாமா, தெற்கு எதுன்னாச்சும் சொல்லுங்க பாப்போம்" என்று திசைகாட்டியை மறைத்துவிட்டுக் கேட்டேன். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்மாய்க் கரையப் பாரு மாப்ள. கரை எந்தப் பக்கம் வளைஞ்சு நிக்குதோ அந்தப் பக்கந்தான் கடல். தண்ணி பள்ளத்துக்குத்தான ஓடும்?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மூன்று மாவட்டத்திலும் கண்மாய்கள் ஆயிரக்கணக்கில். மலையில் வெட்டிய குளங்கள் இல்லை இவை; சமவெளியில் மெல்லச் சரியும் நிலத்தில், தண்ணீர் போகும் பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கரை போட்டு மறித்தவை. மேல்பக்கம் திறந்தே கிடக்கும். வரத்துக்கால் அந்தப் பக்கமாகத்தான் வரும். கீழ்ப்பக்கம் கரை, மடை, கலுங்கு. அதற்கும் கீழே வயல். இந்தச் சீமை மேற்கு வடமேற்கிலிருந்து கிழக்கு தென்கிழக்காக வங்கக் கடலை நோக்கிச் சரிகிறது. குண்டாறே அப்படித்தான் ஓடுகிறது. ஆகவே பிறைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் வயிறு தள்ளி நிற்கும். ஒன்று ரெண்டு திரும்பியிருக்கலாம். பத்துப் பிறையைச் சேர்த்துப் பார்த்தால் கடல் இருக்கும் திசை கிடைத்துவிடும். முந்தைய நாள் இதை நான் பார்த்திருந்தால், ரோடு தெற்கே போகாமல் சரிவோடு சரிவாகத் தென்கிழக்கே இறங்குகிறது என்பது பிடிபட்டிருக்கும்.

வரைபடத்தில் கண்மாய் நீல நிறம். அதை நம்பித் தண்ணீரைத் தேடினால் வருஷத்தில் பாதி நாள் கிடைக்காது. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் உடைந்த கண்ணாடிச் சில்லு கொட்டின மாதிரி மின்னும். மாசி பங்குனியில் வற்ற ஆரம்பித்தால் உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம். அதாவது வயல் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், கண்மாய் கரும்பச்சைக் காடாக இருக்கும். பச்சையாக இருப்பது வயல், வெறுமையாக இருப்பது கண்மாய் என்று நினைப்பவன் தலைகீழாகப் படிப்பான். மாறாதது கரையின் வளைவும், அதன்மேல் வரிசையாக நிற்கும் பனையும்தான். நீர்நிலையின் நீரைப் பார்க்காதே, கரையைப் பார் என்று விமானிகளுக்குப் பாடம் எழுதுகிறவர்கள் ராமநாதபுரத்துக்கு வந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

அடையாளமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? 1921-இல் கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் நடுவே பிரிட்டிஷ் விமானப்படை தபால் விமானம் விட்டபோது பாலைவனத்தில் பிடித்துப் போக ஒன்றுமில்லை. வண்டிகளை ஓட்டித் தடம் போட்டார்கள், சில இடங்களில் ஏர் ஓட்டிச் சால் இழுத்தார்கள். விமானிகள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பறந்தார்கள். நம்ம ஊரில் அதற்கு அவசியம் வரவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹூவுக்குத் தபால் மூட்டையோடு வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஒற்றை இன்ஜின் புஸ் மாத் விமானம், ரேடியோ கிடையாது. அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன என்பது பலரும் எழுதிய செய்தி. மூன்று வருஷம் கழித்து, 1935 நவம்பர் 27 அன்று, கொழும்பு ரத்மலானையில் முதன்முதலாக இறங்கியதும் ஒரு புஸ் மாத்தான். ஓட்டியவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ.

வரைபடம் பழசாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருந்த பழைய நிலவரைபடத்தில் நாற்கரச் சாலையும் இல்லை, சூரியத் தகடும் இல்லை. இதைப் பற்றி யோசிக்கும்போது எங்க ஊரில் 1879-இல் பிறந்த ஒரு பையன் ஞாபகம் வந்தது. வெங்கடராமன், பிற்பாடு ரமண மகரிஷி. 1896 ஆகஸ்டில் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு பண்ணி அங்கே டிக்கெட் எடுத்தார். அதற்குள் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை வந்துவிட்டிருந்தது, அட்லஸ் பழசு. வண்டியில் கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. இன்றைக்கு எங்க ஊருக்குப் பக்கத்தில் ஓடும் இதே 38-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போய்க்கொண்டே இருந்தால் திருவண்ணாமலையே வந்துவிடும்.

ரெண்டாவது தடவை மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஏறினேன். காற்று அதே 30 நாட். இந்தத் தடவை மூக்கை 17 டிகிரி மேற்கே திருப்பி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே தெற்கே. ரோட்டுக்கு நேர் மேலே பறக்கவில்லை. அதற்கு வலப்பக்கம் தள்ளி இருந்தேன். ரோட்டையோ ரயிலையோ பிடித்துப் போகிறவர்கள் அதை இடப்பக்கம் வைத்துக்கொள்வது வழக்கம். பிரிட்டன் விதிகளில் எழுதியே இருந்தது. எதிரே வருகிறவரும் அப்படியே செய்தால் முட்டிக்கொள்ள வேண்டாம், விமானி இடது இருக்கையில் இருப்பதால் ரோடும் நன்றாகத் தெரியும். கீழே இடப்பக்கம் ஓட்டும் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "ராங் சைடுல போற" என்றார்.

அருப்புக்கோட்டை வந்தது. நாற்கரச் சாலை, குறுக்கே தண்டவாளம், பெரிய ஊர், மூன்றும் இருந்தது. கிழக்கே மங்கலாகக் குண்டாற்று மணல் கோடு.

கடைசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரோட்டைக் கடைசிவரை பிடித்துப் போனால் தூத்துக்குடி ஊரும் துறைமுகமும்தான் வரும். விமான நிலையம் ஊருக்கு மேற்கே 14 கிலோமீட்டரில், திருநெல்வேலி ரோட்டை ஒட்டி வாகைக்குளத்தில். வடக்கிலிருந்து அதை நேரே குறி வைத்துப் போய், திருநெல்வேலி ரோட்டைத் தொடும்போது ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கமா என்று தெரியாது. இதற்கு ஒரு பழைய தந்திரம். 1931-இல் பிரான்சிஸ் சிசெஸ்டர் ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாளாக டாஸ்மன் கடலைத் தாண்டியபோது, நடுவில் இருக்கும் துக்கடாத் தீவுகளை இப்படித்தான் பிடித்தார். நேரே குறி வைக்காமல் வேண்டுமென்றே ஒரு பக்கம் தப்பாகப் போவது. அப்போது எந்தப் பக்கம் தப்பு என்பது நமக்குத் தெரியும். கணக்குப்படி நேரம் வந்ததும் மறுபக்கம் திரும்பினால் போதும்.

எட்டயபுரம் தாண்டியதும் வேண்டுமென்றே கிழக்கே ஒதுங்கினேன். மாமா பதறினார். "மாப்ள, கடலுக்குள்ள கொண்டு போயிராத." கொஞ்ச நேரத்தில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளைக் கட்டமாக விரிந்தன. அவர் முப்பது வருஷம் லோடு ஏற்றிய இடம். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் எந்தப் பாத்தி யாருடையது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். திருநெல்வேலி ரோடு கீழே வந்ததும் வலது பக்கம் திரும்பினேன். நாலு நிமிஷத்தில் ஓடுபாதை தெரிந்தது. மாமா இன்னும் இடது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.